பஸ்ஸெயின் இடது காது

எஸ்பென் பிரான்ட்டுக்கு ஒரு வியாதி இருந்தது. எதைத் தொட்டாலும் அதை வழவழப்பாக்காமல் அவனால் விட முடியாது. கிறிஸ்டியான்ஸ்ஹாவ்ன் வாய்க்காலை ஒட்டிய ஒரு வீட்டின் பின்கட்டில் அவனுடைய மரப்பொம்மைப் பட்டறை இருந்தது. அங்கிருந்து வெளியே போகிற எந்தப் பொம்மையிலும் உளி எங்கே நின்றது, அரம் எங்கே திரும்பியது என்று விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடக் கூடாது. கண்டுபிடித்தால் அந்தப் பொம்மை அடுப்புக்குப் போகும். குழந்தையின் கைக்கு மரம் மட்டும்தான் தெரிய வேண்டும், செய்தவன் தெரியக் கூடாது என்பான். கேட்க நன்றாகத்தான் இருக்கும். கூடக் குடித்தனம் நடத்துகிறவளுக்கல்லவா அதன் கஷ்டம் தெரியும்.

"உன்னை விட்டா என் மூக்கையும் தேய்ச்சு சரி பண்ணிருப்பே," என்பாள் அல்மா. பொம்மைகளுக்கு எண்ணெய் பூசுவது அவள் வேலை.

"மூக்கு சரியாத்தான் இருக்கு. புருவந்தான் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது."

"அது உன்னைக் கட்டிக்கிட்ட அன்னிக்கு தூக்கினது. இன்னும் இறங்க மாட்டேங்குது."

அந்தப் பட்டறையின் பெயர் நகரத்துக்குத் தெரிந்தது ஒரு கழுதையால். பீச் என்கிற வெளிறிய காட்டு மரத்தில் செய்த, உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிய கழுதை. கழுத்தில் ஒரு மரமுளை. தலையை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அப்படியே நிற்கும். பத்திரிகைகளில் படம் வந்தது. பணக்காரச் சீமாட்டிகள் கடை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, கழுதையைக் கையில் எடுத்துக் கண்ணை மூடித் தடவிப் பார்த்து, வாங்கிக்கொண்டுபோய்க் கூடத்து அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள். பொம்மை செய்தவன் இதற்காக வருத்தப்பட்டிருக்க வேண்டும். எஸ்பென் உள்ளுக்குள் கொஞ்சம் பூரித்துத்தான் போனான்.

அந்தக் கழுதைக்கு ஒரு மூத்தவன் உண்டு. முதன்முதலில் வெள்ளோட்டமாகச் செய்தது. கழுத்துத் துளை ஒரு நூல் பெரிதாகிவிட்டது. தலையை நிமிர்த்தி வைத்தால் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு மெதுவாக, யோசித்து யோசித்து, கீழே இறங்கும். எஸ்பென் அதை அடுப்புக்கூடையில் எறிந்தான். அவர்களுடைய ஒரே மகன் எப்பெ அப்போதுதான் ஓடத் தெரிந்த பிள்ளை. கூடைக்குள் பாதி உடம்பை விட்டு அதை எடுத்து வந்துவிட்டான். பஸ்ஸெ என்று பெயரும் வைத்தான்.

"இங்க கொடு. ஒரு துண்டுத் தோல் வச்சு இறுக்கிடறேன். தலை நிக்கும்," என்று எஸ்பென் எத்தனையோ முறை கேட்டிருக்கிறான்.

"வேணாம்ப்பா. நான் சொல்றதை எல்லாம் கேட்டுட்டு அவன் ஆமான்னு சொல்றான். உன் கழுதைங்க எல்லாம் திமிர் பிடிச்சதுங்க. சும்மா வெறிச்சுப் பாக்குதுங்க."

"அப்பனையே சொல்றான் பாரு," என்று அல்மா சிரிப்பாள்.

பஸ்ஸெயின் இடது காது பையனின் வாயிலேயே கிடந்தது. தூங்கும்போது, கோபம் வரும்போது, கதை கேட்கும்போது எல்லாம் அதைக் கடிப்பான். காது முழுக்கச் சின்னச் சின்னப் பல்தடம். அந்தக் கோடையில் அவனுக்கு முன்பல் விழுந்தது. அதற்குப் பிறகு கடித்த இடங்களில் நடுவே ஓர் இடைவெளியும் இருந்தது. மற்றபடி கழுதை கறுத்து, ஜாமும் ஈரல் பூசிய ரொட்டியும் வாய்க்கால் சேறும் ஏறி, மரமா தோலா என்று தெரியாமல் கிடந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படாமல் எஸ்பென் அதை நாற்காலிக்கு அடியில் காலால் தள்ளிவிடுவான்.

ஆகஸ்டு மாதக் கடைசியில் நகரத்தில் இளம்பிள்ளை வாதம் பரவியது. கடலில் குளிக்காதீர்கள் என்றார்கள். எப்பெ அதற்கு முன்பே குளித்துவிட்டு வந்திருந்தான், அதனால் வந்ததா வேறெதனால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. காலையில் தலைவலி என்றான். சாயங்காலம் கழுத்தை வளைக்க முடியவில்லை. மறுநாள் ஆம்புலன்ஸ்காரர்கள் படுக்கையோடு சுருட்டித் தூக்கிப் போனபோது அவன் ஒரு கையை மட்டும் அசைத்தான். அந்த அவசரத்தில் பஸ்ஸெயை யாருக்கும் நினைவில்லை.

தொற்றுநோய் மருத்துவமனையில் பெற்றவர்களை உள்ளே விடவில்லை. தோட்டத்துப் பக்கம் நின்று ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். எப்பெயின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தியிருந்தார்கள். நெஞ்சு தானாக மூச்சு விடவில்லை. பக்கத்தில் ஒரு மருத்துவ மாணவன் உட்கார்ந்து ஒரு ரப்பர்ப் பையை அமுக்கி அமுக்கி விட, பிள்ளைக்குள் காற்று போய் வந்தது. ஒருவன் எழுந்தால் இன்னொருவன் உட்கார்ந்தான். அவன் கை நின்றால் இவன் மூச்சு நின்றுவிடும். இதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க எந்தத் தாய்க்கும் மனம் தாங்காது. அல்மா பார்த்தாள்.

மாணவர்களில் மோகென்ஸ் என்றொருவன் தன் முறை முடிந்ததும் தோட்டத்துக்கு வந்து பேசுவான். நெட்டையன், தூக்கமில்லாமல் கண் சிவந்தவன். எப்பெயால் குரல் எழுப்ப முடியாது, ஆனால் உதட்டை அசைத்தால் தனக்குப் புரிகிறது என்றான்.

"ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றான். பஸ்ஸெ, பஸ்ஸென்னு. அது யாரு, அண்ணனா?"

"கழுதை," என்றாள் அல்மா. "மரக் கழுதை. கொண்டுவரலாமா?"

சிஸ்டரைக் கேட்டு வந்து சொன்னான். மரம் என்றால் சரி, துணிப்பொம்மைதான் கூடாது. ஆனால் சுத்தமாக இருக்க வேண்டும்.

அல்மா அங்கிருந்து நகர மாட்டாள் என்று எஸ்பெனுக்குத் தெரியும். அவனே கிளம்பினான்.

"சமையலறை மேடைக்குக் கீழ சோப்புச் சீவல் டப்பா இருக்கு. வெந்நீர்ல போட்டுக் கழுவி எடுத்துட்டு வா. வேற ஒண்ணும் பண்ண வேணாம். சீக்கிரம் வா," என்றாள்.

அந்த ஊரில் தரையானாலும் மேசையானாலும் மரத்தைச் சோப்புச் சீவலில்தான் கழுவுவார்கள். எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரிந்த கால்மணி வேலை. எஸ்பெனும் வெந்நீர் வைத்தான். பஸ்ஸெயைக் கழுவினான். பல வருட அழுக்கு கரைந்து போனதும் கீழே மரம் தெரிந்தது. ஈரத்தில் அதன் நார் சிலிர்த்துக்கொண்டு நின்றது. வயிற்றில் ஒரு கீறல். முதுகில் அவனே அன்று அவசரத்தில் விட்ட அரத்தடம். பிய்ந்த காது.

இதையா பிள்ளை தொண்டையில் துளையோடு கிடக்கும் இடத்தில் கொடுப்பது என்று அவனுக்குத் தோன்றியது. நகரத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் குற்றமில்லாத கழுதை, தன் பிள்ளைக்கு மட்டும் அடுப்புக்கு எறிந்த கழுதை. பல நாளாக அவன் கை ஒன்றும் செய்யாமல் பைக்குள் கிடந்தது. பிள்ளைக்காகச் செய்ய அதற்கு ஒரு வேலையும் இல்லை. இப்போது வேலை கிடைத்துவிட்டது.

பட்டறைக்கு எடுத்துப் போனான். அரத்தால் காதைச் சீராக்கினான். ஒரு காது சிறுத்துவிட்டதால் மற்றதையும் அதற்குச் சரியாகக் குறைத்தான். சொரசொரப்பான உப்புத்தாள், பிறகு நைசானது, பிறகு அதைவிட நைசானது. கழுத்து முளையைக் கழற்றித் தோல் வைத்து இறுக்கினான். ஆளிவிதை எண்ணெய் பூசித் துணியால் துடைத்தான். கண்ணை மூடித் தடவிப் பார்த்தான். கை எங்கும் நிற்கவில்லை. நோய் வந்த நாளிலிருந்து அன்று ஒரு பொழுதுதான் எஸ்பென் நிம்மதியாக இருந்தான். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடக்கூடச் செய்தான். அவ்வளவு அன்போடு அவன் அதுவரை எதையும் தேய்த்ததில்லை. அதுதான் கொடுமை.

அவன் திரும்பியபோது அல்மா ஜன்னலோடு ஒட்டி நின்றிருந்தாள். இவ்வளவு நேரமா என்றுகூடக் கேட்கவில்லை. காகிதப் பொட்டலத்தை அப்படியே மோகென்ஸ் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினான். அவள் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மோகென்ஸ் பொட்டலத்தைப் பிரித்து, கழுதையை எப்பெயின் முகத்துக்கு நேரே பிடித்தான். பையனின் கண் விரிந்தது. கழுதையை மேலிருந்து கீழே பார்த்தான். மோகென்ஸ் அதன் தலையை நிமிர்த்தி வைத்தான். எப்பெ அந்தத் தலையையே பார்த்துக் காத்திருந்தான். தலை இறங்கவில்லை. அவன் உதடு ஏதோ சொன்னது. பிறகு கழுதையை விட்டுவிட்டு அவன் கண் கதவுப் பக்கம் போய் நின்றது. இன்னும் யாரோ வர வேண்டியது போல.

"என்ன சொல்றான்?" என்றான் எஸ்பென்.

அல்மா கண்ணாடியோடு நெற்றியை ஒட்டினாள். அப்போதுதான் அவளும் கழுதையை நன்றாகப் பார்த்தாள். அவள் முகம் சுண்டிப் போனது.

"என்ன பண்ணினே நீ?"

"சுத்தம் பண்ணினேன்."

"கழுவச் சொன்னேன் எஸ்பென்."

"கழுவினேன். காது பிய்ஞ்சு கிடந்துச்சு, சிம்பு உதட்டுல குத்தும். கழுத்தும் லொடலொடன்னு…"

"கழுத்தையுமா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"உள்ள கிடக்கறவன் வாயத் திறந்து ஒரு வார்த்தை பேச முடியல. அவனுக்கு ஆமான்னு சொல்ல இருந்தது அது ஒண்ணுதான். அதோட கழுத்தையும் இறுக்கிட்டே. அவன் பல்லையும் தேய்ச்சு எடுத்துட்டே."

மறுநாள் மத்தியானம் அல்மா உடை மாற்றிக்கொள்ள வீட்டுக்கு வந்தாள். பட்டறைக் கதவு திறந்திருந்தது. எஸ்பென் பலகைமேல் உட்கார்ந்து ஒரு புதுக் கழுதையின் காதைக் கடித்துக்கொண்டிருந்தான். கழுத்துத் துளையைப் பெரிதாக்கி வைத்திருந்தான். உடம்பில் காப்பிக் கசடும் அடுப்புக்கரியும் பூசியிருந்தான். காலடியில் இன்னும் இரண்டு மூன்று கழுதைகள் கடிபட்டுக் கிடந்தன. உதட்டில் ரத்தம்.

"வர மாட்டேங்குது," என்றான். "என் பல்லு பெருசு. அவனோடது அரிசி மாதிரி இருக்கும். நடுவுல இடைவெளி வேற. அரத்தால போட்டுப் பாத்தேன், அரம் மாதிரியே தெரியுது."

இவன் மேல் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் இருந்தது. அதைச் சொல்வதற்கென்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். கரி அப்பிய அந்த வாயைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தன் கைக்குட்டையால் அவன் உதட்டைத் துடைத்தாள்.

"விடு. அவனை ஏமாத்த முடியாது. நம்ம ரெண்டு பேரையும்விட அவனுக்கு பஸ்ஸெயைத் தெரியும்."

"அப்போ நான் என்னதான் பண்றது?"

"தெரியல. எனக்கும் தெரியல."

இருவரும் சேர்ந்தே மருத்துவமனைக்குப் போனார்கள். மோகென்ஸ் அவர்களுக்காகத் தோட்டத்தில் காத்திருந்தான்.

"மிஸ்டர் பிரான்ட், பையன் ஒண்ணு கேக்கச் சொன்னான். ரொம்ப நேரமாச்சு புரிஞ்சுக்க. நீங்க அவனுக்குக் கடைக் கழுதையைத்தான் கொண்டுவந்தீங்களாம். ஏன்னு அவனுக்குத் தெரியுமாம். உள்ள வந்தா பஸ்ஸெக்கும் நோய் ஒட்டிக்கும்னு நீங்க அவனை வீட்டுலயே வச்சுட்டீங்களாம். நல்லதுதான்கறான். ஆனா பஸ்ஸெ தனியா பயப்படறானான்னு கேக்கறான்."

எஸ்பென் ஜன்னல் பக்கம் பார்த்தான். உள்ளே இருப்பதுதான் பஸ்ஸெ, நான்தான் இப்படிச் செய்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம். வாழ்நாளில் ஒரு பொய்ப்பூச்சு பூசி அவன் மரத்தை விற்றதில்லை. மரத்தில் வெடிப்பிருந்தால் இருக்கிறது என்று சொல்கிற ஆள். அல்மாவைப் பார்த்தான். அவள் தலை அசைக்கவில்லை, ஆனால் கண் கெஞ்சியது.

"பயப்படலேன்னு சொல்லுங்க," என்றான். "சமையலறை ஜன்னல்ல உக்காந்திருக்கான்னு சொல்லுங்க. அங்கேருந்து படகெல்லாம் பாக்கறான். எப்பெ எப்போ வருவான்னு நான் கேட்டேன்…"

"சீக்கிரம் வருவானான்னு கேட்டோம்," என்றாள் அல்மா. "ஆமான்னு தலையாட்டினான். அப்படிச் சொல்லுங்க."

மோகென்ஸ் உள்ளே போய் எப்பெயின் காதருகே குனிந்து பேசுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். பையன் முகத்தில் நோய் வந்த பிறகு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. முன்பல் இல்லாத சிரிப்பு. பிறகு அவன் கண்ணை மூடித் தூங்கினான். இருட்டும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள். ஒரு பொய்யால் பிள்ளைக்கு இவ்வளவு நிம்மதி கொடுக்க முடிகிறதே என்று எஸ்பெனுக்கு நெஞ்சு வெடித்தது.

அந்த வாரம் முடிவதற்குள் எப்பெ இறந்து போனான். பை அமுக்கிய கை நிற்கவில்லை. இதயம்தான் நின்றது.

சவப்பெட்டியைத் திறக்க அனுமதி இல்லை. பின்கட்டுக் கொடிமரத்தில் அண்டைவீட்டு யான்சன் கொடியைப் பாதிக்கு இறக்கி வைத்திருந்தார். அடக்கம் முடிந்து இவர்கள் திரும்பி வந்ததும் வழக்கப்படி அதை உச்சிக்கு ஏற்றினார். துக்கம் முடிந்தது என்று அர்த்தம். அல்மா நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அலமாரியைத் திறந்தாள். எப்பெயின் மேல்சட்டையை மோந்து பார்த்தாள். அவனுக்கு நோய் வருவதற்கு முன் அவளே துவைத்து வைத்தது. சோப்பு வாசனைதான் வந்தது. படுக்கையை ஆம்புலன்ஸ்காரர்கள் கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். கோப்பை, கரண்டி எல்லாவற்றையும் சுகாதாரக்காரர்கள் மருந்து போட்டுக் கொதிக்க வைத்துவிட்டார்கள். வீடு முழுக்கத் தேடியும் பிள்ளையின் வாயோ கையோ பட்ட அடையாளம் ஒன்றும் அவளுக்கு அகப்படவில்லை.

"அந்தக் கழுதையை வாங்கிட்டு வந்துடலாம்," என்றாள் ஒரு நாள் காலையில்.

மருத்துவமனைத் தோட்டத்தில் மோகென்ஸ் அவர்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். கழுதை என்றதும் அவன் தயங்கினான்.

"அதை அவன் பக்கத்துப் படுக்கைக்குக் கொடுத்துட்டான், மிஸஸ் பிரான்ட். யூட்டென்னு ஒரு சின்னப் பொண்ணு. ரொம்ப அழுதுகிட்டே இருந்தா. கடைசி நாளுக்கு முந்தின நாள், அதை அவகிட்ட கொடுன்னான். இது உன்னுது, அப்பா செஞ்சதுன்னு சொன்னேன். எனக்கு வீட்டுல என் பஸ்ஸெ இருக்கான், இவளுக்குத்தான் யாரும் இல்லேன்னான்."

ஜன்னல் பக்கம் கைகாட்டினான். எப்பெயின் படுக்கையில் இப்போது வேறு யாரோ. அதற்கு அடுத்ததில் மஞ்சள் முடிக்காரச் சிறுமி ஒருத்தி, தானாகவே மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்தாள். பஸ்ஸெ அவள் தோளுக்கும் கன்னத்துக்கும் இடையில் இருந்தது.

"அவ பொழைச்சுக்குவா. வேணும்னா நான் பேசிப் பாக்கறேன். வேற ஒரு பொம்மை கொடுத்துட்டு இதை நீராவியில வச்சு உங்களுக்கு…"

"கேளுங்க," என்றாள் அல்மா உடனே. "வேற பத்துக் கழுதை கொடுக்கறோம். அதைக் கேட்டு வாங்குங்க. என் பிள்ளையோடது அது."

மோகென்ஸ் எஸ்பெனைப் பார்த்தான். எஸ்பென் கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சிறுமி கழுதையைக் கன்னத்தில் வைத்து மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோல் எங்கும் தடங்கவில்லை. அவன் நினைத்தபடியே அது அமைந்திருந்தது.

"வேணாம்," என்றான்.

"எனக்கு வேணும் எஸ்பென். அவன் கடிச்ச மரம்."

அவன் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

"அவன் கடிச்சது அதுல இல்ல அல்மா. எங்க தடவிப் பாத்தாலும் இருக்காது. எனக்கு வேலை தெரியும். நான் கொஞ்சங்கூட மிச்சம் வைக்கல."